வம்பு எழுத்தைப் பிடி: ஒலிக்கு அடங்காத ஆங்கிலச் சொற்களைச் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் வழி

சேலத்தில் அம்மாப்பேட்டை, கிச்சிப்பாளையம், சூரமங்கலம் என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு நடந்து பாருங்கள், ஏதாவது ஒரு வீட்டிலிருந்து "எஸ்-ஏ-ஐ-டி செட், எஸ்-ஏ-ஐ-டி செட்" என்று ராகம் போட்டுச் சொல்லும் சத்தம் வாசல் வரைக்கும் கேட்கும். ராகம் அத்துப்படி. ஆனால் அதே சொல்லைக் கதைப் புத்தகத்தில் காட்டிப் படிக்கச் சொன்னால் பிள்ளை 'சைட்' என்று படிக்கும், இல்லையென்றால் நம் முகத்தைப் பார்த்துப் பதிலைத் தேடும். கேட், பின், சன், ஷிப் எல்லாம் போனிக்ஸ் முறையில் ஒலி ஒலியாகக் கூட்டி அழகாகப் படித்துக்கொண்டிருந்த பிள்ளை இப்படி முட்டிக்கொண்டு நிற்கும்போது வீட்டில் இரண்டு தீர்ப்பில் ஒன்று வரும். "போனிக்ஸெல்லாம் வேஸ்ட், பழையபடி மனப்பாடமே பண்ணட்டும்" என்பது ஒன்று, "இவனுக்கு ஏறாது" என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு.

யூகேஜி முதல் இரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கும் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி, புதிதாக டியூஷன் எடுக்க ஆரம்பித்திருக்கும் அக்காமார்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். உங்கள் இங்கிலீஷ் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, உச்சரிப்புக்கு மட்டும் போனில் இருக்கும் ஏதாவது ஒரு அகராதியில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டிக் கேட்டுக்கொண்டால் போதும்.

சொல்ல வருவது இதுதான்: முழுக்க முழுக்க ஒலிக்கு அடங்காத சொல் என்று ஆங்கிலத்தில் அநேகமாக எதுவும் இல்லை. செட் என்ற சொல்லில் எஸ் தன் ஒலியைத்தான் சொல்கிறது, டி-யும் அப்படியே. நடுவில் இருக்கும் ஏ-ஐ ஜோடி மட்டும் 'ரெயின்' என்ற சொல்லில் சொல்வதை இங்கே சொல்லாமல் 'எ' என்கிறது. ஏற்காட்டுக்கு ஏறுகிற ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது என்பதற்காக யாரும் அடிவாரத்திலிருந்தே ஹாரன் அடித்துக்கொண்டு போவதில்லை, வளைவு வரும் இடத்தில் மட்டும்தான் வேகத்தைக் குறைத்து ஹாரன் அடிக்கிறோம். சொல்லிலும் அந்த இடத்தை மட்டும் பிள்ளைக்கு அடையாளம் காட்டினால் போதும், மிச்சத்தை அது போனிக்ஸ் வழியிலேயே படித்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் 'வம்பு எழுத்து'. அது இருக்கும் சொல்லைப் பள்ளிகளில் ட்ரிக்கி வேர்ட் என்பார்கள், சைட் வேர்ட் என்பார்கள். பிள்ளைகளுக்கு வம்பு எழுத்து என்றால் உடனே புரிகிறது, சிரிப்பும் வருகிறது.

தொடங்குவதற்கு முன்னால்

ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலி ஏறக்குறைய 44. எழுத்து பற்றாததால் இரண்டு மூன்று எழுத்து சேர்ந்து ஒரு ஒலியைச் சொல்வதும், ஒரே எழுத்து இடத்துக்கு இடம் மாறி ஒலிப்பதும் அங்கே சகஜம். இதைக் கேட்டதும் "தமிழில் இந்தத் தொல்லையே இல்லை" என்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். கல், பகல், தங்கம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், மூன்றிலும் ஒரே க-தான், மூன்றிலும் ஒலி வேறு. நம் பிள்ளை அதை யோசிக்காமலே செய்கிறது. ஒரே மாதிரி காதில் விழும் ந-வையும் ன-வையும், ர-வையும் ற-வையும் எந்தச் சொல்லில் எது என்று கற்றுக்கொண்டும் இருக்கிறது. 'மரம் சின்ன ர, மறம் பெரிய ற' என்று பாடம் படிக்கும் பிள்ளைக்கு 'ரெயினில் ஏ-ஐ ஒரு மாதிரி, செட்டில் இன்னொரு மாதிரி' என்பது பெரிய அதிர்ச்சியாக இருக்காது.

இன்னொரு சௌகரியமும் நமக்கு உண்டு. க் + ஆ = கா என்று உயிரையும் மெய்யையும் கூட்டத் தெரிந்த பிள்ளைக்குப் போனிக்ஸில் ஒலிகளைக் கூட்டிப் படிப்பது புது வித்தை இல்லை. ஆனால் மெய்யொலியைச் சொல்லிக்கொடுக்கும்போது புள்ளி வைத்த எழுத்தாகவே சொல்லுங்கள். பி என்ற எழுத்துக்கு 'ப' என்றோ 'பு' என்றோ சொல்லாமல், உதட்டை மூடித் திறந்து வெட்டி நிறுத்துங்கள். பஸ்ஸு, கேட்டு, பென்னு என்று கடைசியில் ஒரு உகரம் போட்டுப் பேசுவது நம் ஊர் வழக்கம், பேச்சில் அதில் ஒரு குறையும் இல்லை, ஒலியைப் பிரிக்கிற நேரத்தில் மட்டும் அதை ஓரமாக வைக்க வேண்டும். இல்லையென்றால் மூன்று ஒலி உள்ள சொல்லில் பிள்ளை நான்கு எண்ணும்.

பிள்ளை தயாரா என்று பார்ப்பது சுலபம். 'சன்' என்று நீங்கள் சொன்னால் அது மூன்றாகப் பிரித்துச் சொல்ல வேண்டும், நீங்கள் மூன்றாகப் பிரித்துச் சொன்னால் அது 'சன்' என்று கூட்டிச் சொல்ல வேண்டும். தனி எழுத்துகளின் ஒலியும் எஸ்-எச், சி-எச், டி-எச், இ-இ, ஏ-ஐ மாதிரி சில ஜோடிகளும் தெரிந்திருந்தால் ஆரம்பிக்கலாம். இது வராத பிள்ளையிடம் வம்பு எழுத்து என்று சொன்னால் எல்லா எழுத்துமே அதற்கு வம்பாகத்தான் தெரியும்.

முதல் வேலை: பட்டியலைச் சலிப்பது

பள்ளியிலிருந்து சைட் வேர்ட்ஸ் என்று ஒரு தாள் வரும். இந்த மாதிரிப் பட்டியல்களில் பேர் பெற்றது, அமெரிக்கரான எட்வர்ட் டால்ச் 1936-இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியல். சிறுவர் புத்தகங்களில் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் என்பதால் எடுத்தாரே தவிர, ஒலிக்கு அடங்காதவை என்பதற்காக எடுக்கவில்லை. அதனால் அதில் நாம் பயந்துகொண்டிருக்கும் சொற்கள் பல சாதுவானவை: அண்ட், இட், டிட், கேன், பிக், ஸ்டாப், ஜம்ப். இதையெல்லாம் ஒலி கூட்டியே படித்துவிடலாம். ஹி, ஷி, வி, மி, பி கூட வம்பு இல்லை, கடைசியில் தனியாக நிற்கும் இ தன் பெயரையே சொல்லும் என்று ஒரு தடவை சொன்னால் ஐந்து சொல்லும் ஒரே மூச்சில் முடிந்தது.

தாளை வைத்துக்கொண்டு பென்சிலால் அடித்துக்கொண்டே வாருங்கள். மிஞ்சுவதுதான் நம் வேலை. இங்கிலாந்தின் பாடத்திட்டத்திலேயே முதல் இரண்டு வகுப்புகளுக்கு இப்படிப்பட்ட விதிவிலக்குச் சொற்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, ஆங்கிலம் தாய்மொழியாக இருக்கும் பிள்ளைகளுக்கே அது தேவைப்படுகிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் நம் பிள்ளையின் மேல் கோபம் வராது.

வாரத்துக்கு மூன்று சொல் போதும். நான் எடுக்கும் வரிசை ஏறக்குறைய இப்படி: த (டி-எச்-இ), டு (டி-ஓ), ஈஸ், அப்புறம் வாஸ், ஆஃவ் (ஓ-எஃப்), ஹேவ், அதற்குப் பிறகு செட், யூ, ஆர், பிறகு தே, ஒன், கம், பிறகு வாட், ஹூ, வேர். பள்ளிப் பாடத்தில் அந்த வாரம் வேறு ஏதாவது வந்தால் அதை முன்னால் தள்ளுங்கள்.

காதும் வாயும் முதலில், எழுத்து அப்புறம்

இதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு 'செட்' என்ற சொல்லின் எழுத்து தெரியாதது பிறகு வரும் சிக்கல், அந்தச் சொல்லே காதுக்குப் பழக்கமில்லை என்பது முதல் சிக்கல். 'அம்மா சொன்னாங்க' என்பதுதான் அந்த 'சொன்னாங்க' என்று பொருளைத் தமிழிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு வாக்கியமாக, "அம்மா செட் கம்", "தாத்தா செட் நோ" என்று வீட்டு ஆட்களை வைத்தே பத்து தடவை பேச விடுங்கள். தாத்தா உண்மையிலேயே 'நோ' சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

அடுத்தது உச்சரிப்பு. இங்கே சேலத்துக்காரர்களுக்கு ஒரு வசதி. தட்டுவடை செட் தெரியாத பிள்ளை நம் ஊரில் கிடையாது. தட்டுவடை செட்டில் இருக்கும் செட் வேறு, 'சொன்னார்' என்ற செட் வேறு, ஆனால் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். முதலாவதில் கடைசி ஒலி 'தட்டு' என்பதில் வரும் அழுத்தமான ட், இரண்டாவதில் 'செடி' என்பதில் வரும் மெத்தென்ற ட கிட்டத்தட்ட. இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லி 'இது தின்கிற செட்டா, சொல்கிற செட்டா?' என்று கேளுங்கள், பிள்ளை காதைத் தீட்டிக்கொண்டு உட்காரும்.

இதனால்தான் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன்: பிள்ளையின் நோட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேலே தமிழில் உச்சரிப்பை எழுதாதீர்கள். இந்தக் கட்டுரையில் நான் தமிழில் எழுதுவது பெரியவர்களாகிய உங்களுக்காக. பிள்ளையின் நோட்டில் எழுதினால் கண் நேராகத் தமிழுக்குப் போய்விடும், ஆங்கில எழுத்தைப் பார்க்கவே பார்க்காது, போதாக்குறைக்கு இரண்டு செட்டும் ஒன்றாகிவிடும். டியூஷன் நோட்டுகளில் அடிக்கடி பார்க்கிறேன், மேலே இருக்கும் தமிழை விரலால் மறைத்தால் பிள்ளை வாயடைத்துப் போகிறது.

வாஸ் என்ற சொல்லிலும் ஈஸ் என்ற சொல்லிலும் கடைசி எஸ், பாம்பு சீறுவது போல வராது, தொண்டை அதிரும். பிள்ளையின் கையை எடுத்து அதன் தொண்டையிலேயே வைத்து 'பஸ்' என்று சொல்லச் சொல்லுங்கள், கடைசியில் அதிர்வு இருக்காது. 'ஈஸ்' என்றால் அதிரும். தமிழில் இந்த ஒலிக்கு எழுத்து இல்லாததால் காதுக்குப் பிடிபடாது, கைக்குப் பிடிபட்டுவிடும். அதே மாதிரி 'த', 'தே' இரண்டிலும் வரும் டி-எச் ஒலிக்கு, 'அது, இது' என்று நாம் பேச்சில் சொல்லும்போது வரும் மெல்லிய து-வைக் கவனிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் வந்துவிடும்.

புளியங்கொட்டையும் கட்டமும்

இனி எழுத்து. ஸ்லேட், சாக்பீஸ், ஒரு பிடி புளியங்கொட்டை, ஒரு சிவப்பு சாக்பீஸ் இவ்வளவுதான் சாமான். அரசுப் பள்ளியில் 2022 முதல் நடக்கும் எண்ணும் எழுத்தும் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளுக்கு அட்டை, விளையாட்டு எல்லாம் பழக்கம், அவர்கள் உடனே ஒட்டிக்கொள்வார்கள்.

சொல்லைச் சொல்லுங்கள், எழுத்தைக் காட்டாதீர்கள். பிள்ளை மெதுவாக இழுத்துச் சொல்லி ஒலிக்கு ஒரு கொட்டை வைக்கட்டும். செட் என்றால் மூன்று கொட்டை. மூன்று கட்டம் போடுங்கள். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் எந்த எழுத்து வரும் என்று அதையே கேளுங்கள். முதல் கட்டத்துக்கு எஸ் என்று டக்கென்று சொல்லும். கடைசிக்கு டி. நடுவுக்கு இ என்று சொல்லும், சொல்லட்டும், அது சரியான யோசனை. 'நல்லா யோசிச்சே, இப்படித்தான் இருந்திருக்கணும், ஆனா இந்தச் சொல்லில் வேற ஆள் உட்கார்ந்திருக்கு' என்று சொல்லி ஏ-ஐ இரண்டையும் ஒரே கட்டத்துக்குள் எழுதி, சிவப்பில் சுழித்துவிடுங்கள்.

போன வாரம் ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி இந்த இடத்தில் ஸ்லேட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், ஐ எதுக்கு சும்மா நிக்குது?"

"சும்மா நிக்கல கண்ணு. ஏ-யும் ஐ-யும் சேர்ந்துதான் 'எ'ன்னு சொல்லுது."

"அப்ப ரெயின்ல?"

"ரெயின்ல ஒழுங்கா 'ஏ'ன்னு சொல்லுது. இங்க வந்து மட்டும் வம்பு பண்ணுது."

அவளைக் கூட்டிப்போக வந்து வாசல்படியில் உட்கார்ந்திருந்த அம்மாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஊருக்குள்ள ஒழுங்கா இருக்கறதுக எல்லாம் சந்தைக்கு வந்தா இப்படித்தான்" என்றார். பிள்ளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு முழுக்க அவள் நோட்டில் ஏ-ஐ-க்கு 'சந்தைக்கு வந்தவங்க' என்று பெயர், சிவப்புச் சுழிக்குப் பக்கத்தில் ஒரு கூடைப் படம் வேறு.

மூன்று கொட்டை, நான்கு எழுத்து என்ற கணக்கு அவளுக்குப் புரிந்துவிட்டது. எல்லாம் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு சொல்லின் ஒலிகளையும் அதன் எழுத்துகளையும் ஒன்றுக்கொன்று முடிச்சுப் போடும்போதுதான் அந்தச் சொல் நினைவில் தங்குகிறது, அப்புறம் பார்த்த மாத்திரத்தில் படிக்க வருகிறது என்பதை அமெரிக்க உளவியல் அறிஞர் லின்னியா ஏரி (ஏற்காட்டு ஏரிக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) பல வருட ஆராய்ச்சியில் எடுத்துக்காட்டியிருக்கிறார். ராகம் போட்டு எழுத்தின் பெயரைச் சொல்வதில் இந்த முடிச்சு விழுவதே இல்லை, எஸ்-ஏ-ஐ-டி என்ற பாட்டுக்கும் செட் என்ற ஒலிக்கும் பிள்ளையின் மனதில் ஒரு தொடர்பும் இல்லை.

மற்ற சொற்களுக்கு வம்பு எங்கே என்று சொல்லிவிடுகிறேன். வாஸ்: மூன்று ஒலி, மூன்று எழுத்து, ஏ இங்கே ஆ-வுக்கும் ஒ-வுக்கும் நடுவில் ஒலிக்கிறது, எஸ் அதிர்கிறது. ஆஃவ், அதாவது ஓ-எஃப்: எஃப் எழுத்து வி-யின் ஒலியைச் சொல்வது சாதாரணச் சொற்களில் இங்கே மட்டும்தான், பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் ஏதோ ரகசியம் தெரிந்துகொண்ட பெருமை. ஹேவ்: கடைசி இ மட்டும் ஒலி இல்லாமல் நிற்கிறது. ஆர்: அதேதான். யூ: ஓ-யூ இரண்டும் சேர்ந்து ஊ. தே: இ-ஒய் சேர்ந்து ஏ. கம்: ஓ எழுத்து அ என்கிறது, கடைசி இ ஊமை. ஹூ: டபிள்யூ-எச் சேர்ந்து ஹ், ஓ போய் ஊ. ஒன் என்ற சொல்தான் உள்ளதிலேயே மோசம், ஓ-என்-இ-யில் ஒழுங்காக இருப்பது என் மட்டுமே, ஓ எழுத்து வகரத்தையும் அகரத்தையும் சேர்த்துச் சொல்கிறது. அதற்கு இரண்டு சிவப்புச் சுழி.

எழுதும்போது ஒலி, எழுத்தின் பெயர் கடைசியில்

கட்டம் போட்டதும் அழித்துவிட்டு வெறும் ஸ்லேட்டில் எழுத வையுங்கள். எழுதும்போது வாய் ஒலியைச் சொல்ல வேண்டும், எழுத்தின் பெயரை இல்லை: ஸ் என்று சொல்லிக்கொண்டே எஸ் எழுதுவது, எ என்று சொல்லிக்கொண்டே ஏ-ஐ எழுதுவது, ட் என்று டி எழுதுவது. வம்பு எழுத்து வரும் இடத்தில் ஒரு நொடி நிறுத்தி, சிவப்பு சாக்பீஸை எடுத்து எழுதட்டும், அந்தக் கை மாற்றமே மறக்காமல் இருப்பதற்குப் பாதி வேலை செய்யும். அப்புறம் மறைத்து வைத்து ஒரு தடவை, சரிபார்த்து இன்னொரு தடவை. ஐம்பது தடவை இம்போசிஷன் எழுத வைப்பதை விட்டுவிடுங்கள், பத்தாவது தடவைக்கு மேல் கை மட்டும்தான் எழுதிக்கொண்டிருக்கும்.

பள்ளியில் வாய்மொழியாக ஸ்பெல்லிங் கேட்பார்கள் என்றால், இதெல்லாம் முடிந்த பிறகு எழுத்தின் பெயரைச் சொல்லிப் பழகலாம், அப்போது அது வலிக்காது.

கூட்டாளிகளைச் சேர்ப்பது, கதை சொல்வது

வம்பு எழுத்துகள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, கூட்டாளி இருக்கும். ஒரு சொல் வந்துவிட்டால் அதன் கூட்டாளிகளை இலவசமாகச் சேர்த்துக்கொள்ளலாம். கம், சம், லவ், டன் எல்லாம் ஒரே கூட்டம். வாஸ் வந்தால் வாண்ட், வாஷ், வாட்ச், ஸ்வான் எல்லாமே டபிள்யூ-வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஏ-தான், அதாவது அது வம்பே இல்லை, ஒரு சின்ன விதி. குட், வுட், ஷுட் மூன்றிலும் ஓ-யூ-எல்-டி. ஹேவ், கிவ், லிவ் மூன்றிலும் கடைசி இ எதற்கு என்றால், ஆங்கிலச் சொற்கள் பொதுவாக வி எழுத்தில் முடியாது, அதற்குத் துணைக்கு ஓர் இ நிற்கிறது.

'ஏன்?' என்று கேட்கிற பிள்ளைக்குப் 'அது அப்படித்தான்' என்று சொல்லி அடக்காதீர்கள். நிறைய இடத்தில் காரணம் இருக்கிறது. 'டூ' என்ற எண்ணில் சும்மா நிற்கும் டபிள்யூ ஒரு காலத்தில் ஒலித்ததுதான், ட்வெல்வ், ட்வென்டி, ட்வின், ட்வைஸ் என்று அதன் சொந்தக்காரர்களிடம் இன்றைக்கும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுத்த பிள்ளை 'டூ' என்ற எண்ணில் டபிள்யூ-வை விட்டு நான் பார்த்ததில்லை. 'ஒன்' என்பதும் பழைய நாளில் எழுத்துக்கு ஏற்ற மாதிரியே ஓகாரத்தோடுதான் ஒலித்தது, ஒன்லி, அலோன் இரண்டிலும் அந்தப் பழைய ஒலி தங்கிவிட்டது. நைஃப் (கத்தி), நீ (முழங்கால்) என்ற ஆங்கிலச் சொற்களின் தொடக்கத்தில் இருக்கும் கே-யையும் முன்னோர்கள் வாய்விட்டுச் சொன்னார்கள். கம், சம், லவ் கூட்டத்தின் கதை இன்னும் வேடிக்கை: அந்தக் காலத்துக் கையெழுத்தில் யூ, எம், என், வி எல்லாமே வரிசையாக நிற்கும் சின்னச் சின்னக் குச்சிகள்தான், அடுத்தடுத்து வந்தால் எது எங்கே முடிகிறது என்று தெரியாது, அதனால் யூ-வுக்குப் பதில் ஓ போட்டுவிட்டார்கள் என்று மொழி அறிஞர்கள் சொல்கிறார்கள். குச்சிகளை ஸ்லேட்டில் வரைந்தே காட்டுங்கள். 'குட்' என்ற சொல்லின் எல்-க்கு மட்டும் எந்த நியாயமும் கிடையாது, வுட், ஷுட் இரண்டையும் பார்த்து யாரோ ஒட்டவைத்தது.

வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கிய காலத்திலிருந்து எழுத்து மெல்ல உறைய ஆரம்பித்துவிட்டது, மக்களின் வாய் மட்டும் மாறிக்கொண்டே போயிற்று, நம் பிள்ளைகளின் தலைவலிக்குப் பெரிய காரணம் அது. இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

வாக்கியத்தில் படிப்பது, போர்டில் படிப்பது

தனிச் சொல்லாகவே படித்துக்கொண்டிருந்தால் கதையில் வரும்போது தெரியாது. பிள்ளைக்கு ஒலி கூட்டத் தெரிந்த சொற்களோடு ஒரே ஒரு புது வம்புச் சொல்லைக் கலந்து நீங்களே வாக்கியம் எழுதுங்கள்: 'டாட் வாஸ் இன் த பஸ்', 'த ஹென் செட் நோ', 'கம் அண்ட் சிட்'. படத்தை முதலில் காட்டாதீர்கள். படத்தைப் பார்த்தும் முதல் எழுத்தைப் பார்த்தும் ஊகிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு விடுவிப்பது பெரும்பாடு.

வெளியே போகும்போது போர்டு படிக்க விடலாம். கடைவீதிப் பக்கம் 'ஒன் வே' போர்டைப் பார்த்து 'அந்த ரெண்டு சுழி வாங்கின சொல்!' என்று வண்டியின் முன்னால் நின்றுகொண்டே கத்துகிற பிள்ளைக்கு இனி அது மறக்காது. ஏற்காட்டுக்குப் போனால் பஸ் மெதுவாகத்தான் ஏறும், வழியில் இருக்கும் எச்சரிக்கைப் பலகைகளைப் படிக்க நேரம் கிடைக்கும், வாந்தி வராத பிள்ளையாக இருந்தால். ஒன்றே ஒன்று, போர்டுகள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும், சின்ன எழுத்து மட்டும் தெரிந்த பிள்ளை திணறினால் திட்டாதீர்கள்.

திரும்பப் பார்ப்பது

இரண்டு டப்பா வைத்துக்கொள்ளுங்கள், பிஸ்கட் டப்பாவே போதும். புதுச் சொல் அட்டைகள் ஒன்றில். மூன்று நாள் தொடர்ந்து படிக்கவும் எழுதவும் சரியாக வந்த அட்டை இன்னொன்றுக்கு மாறும். அந்த இரண்டாவது டப்பாவை வாரம் ஒரு தடவை கொட்டிப் பாருங்கள், மறந்த அட்டை பழைய டப்பாவுக்குத் திரும்பும், அதில் அவமானம் ஒன்றும் இல்லை என்று பிள்ளைக்கும் தெரிய வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். கொட்டாவி வந்தால் அதற்கு முன்னாலேயே முடித்திருக்க வேண்டும் என்று அர்த்தம்.

இடையில் வரும் சிக்கல்கள்

பிள்ளை செட் என்பதை எஸ்-இ-டி என்று எழுதினால் பயப்படாதீர்கள். மூன்று ஒலியையும் சரியாகக் கேட்டிருக்கிறது, இரண்டு எழுத்து சரி, அதை முதலில் சொல்லிவிட்டு நடுவில் மட்டும் திருத்துங்கள். எஸ்-டி-ஏ-ஐ என்று எழுதினால்தான் கவலைப்பட வேண்டும், அது ஒலியை விட்டுவிட்டு எழுத்துகளின் உருவத்தை மனப்பாடம் செய்யப் பார்த்திருக்கிறது, புளியங்கொட்டைக்குத் திரும்புங்கள்.

'வாஸ்' என்பதை 'சா' என்று வலமிருந்து இடமாகப் படிக்கும் பிள்ளைகள் நிறைய. இரண்டையும் ஒரே வாரத்தில் சொல்லிக்கொடுக்காதீர்கள், முதல் எழுத்தின் அடியில் விரல் வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். டி-ஓ 'டு', டி-டபிள்யூ-ஓ 'டூ', டி-ஓ-ஓ 'டூ' மூன்றையும் ஒன்றாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பது சில டியூஷன்களில் வழக்கம், பெரியவர்களுக்கு அது சுவாரசியம், ஆறு வயசுக்குக் குழப்பம். ஒன்று நன்றாகப் பதிந்த பிறகு அடுத்தது. 'வேர்' (டபிள்யூ-எச்-இ-ஆர்-இ), 'வெர்' (டபிள்யூ-இ-ஆர்-இ) கதையும் இதேதான்.

திங்கட்கிழமை பத்துச் சொல் டிக்டேஷன் என்று டைரியில் எழுதிவிட்டிருப்பார்கள், நம் மூன்று சொல் கணக்கு அங்கே நடக்காது. அப்போது பத்தையும் சலித்துவிடுங்கள், ஆறு ஏழு சாதுவாகத்தான் இருக்கும், அவற்றை ஒலி கூட்டி எழுதிப் பார்ப்பதோடு முடியும், மிச்சமிருக்கும் மூன்று நான்குக்கு மட்டும் கட்டமும் சிவப்பும். மார்க் ஒன்றிரண்டு குறைந்தால் குறையட்டும். வகுப்பு மிஸ்ஸிடம் பேசுவதாக இருந்தால் "நீங்க சொல்லிக்கொடுக்கிறது தப்பு" என்று ஆரம்பிக்காமல் "வீட்ல நாங்க இப்படிச் சுழி போட்டுப் படிக்கிறோம் மிஸ், நோட்ல சிவப்பா இருந்தா தப்பா நினைச்சுக்காதீங்க" என்று சொல்லிப் பாருங்கள். 40 பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பவர் அவர்.

மாதக்கணக்கில் பொறுமையாகச் செய்தும் மூன்று ஒலிச் சொல்லையே பிரிக்க வரவில்லை, நேற்று வந்தது இன்றைக்குச் சுத்தமாகப் போய்விடுகிறது என்றால் முதலில் காதையும் கண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். அதில் குறை இல்லையென்றால் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் கேட்டு உரியவரிடம் காட்டலாம். அறிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கும் ஒலி வழிதான் உதவும், இன்னும் மெதுவாக, இன்னும் அதிக தடவை.

வீட்டில் மூன்றாவது நான்காவது படிக்கும் அண்ணனோ அக்காவோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கு வேறு ஒரு வழி உண்டு. நீளமான சொற்களை எழுதும்போது மட்டும் எழுத்து இருக்கிற மாதிரியே மனதுக்குள் உச்சரிப்பது: வென்ஸ்டே என்பதை 'வெட்-நெஸ்-டே' என்று, ஃப்ரெண்ட் என்பதை 'ஃப்ரை-எண்ட்' என்று, ஐலண்ட் என்பதை 'இஸ்-லண்ட்' என்று. சரியான உச்சரிப்பு வாயில் உறைந்துவிட்ட வயசு என்பதால் அவர்களுக்கு இது கைகொடுக்கும். யூகேஜி பிள்ளை கேட்கிற மாதிரி மட்டும் சத்தமாகச் சொல்ல விடாதீர்கள், அது அடுத்த நாள் வகுப்பில் போய் அப்படியே பேசும்.